சீட்டிப் பாவாடையும் அட்டைத் தொப்பியும்

கேள்வி: கௌபாய் படங்களில் பெண்கள் ரிப்பனும் லேசுமாகப் பளபளக்கிறார்களே, அமெரிக்காவில் முதலில் மேற்கே குடியேறிய பெண்கள் நிஜமாகவே அப்படித்தான் உடுத்தினார்களா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லவே இல்லை. 1770-களில், அன்றைக்கு மேற்கு எல்லையாக இருந்த கென்டக்கி காட்டுக்குள் போனவர்களுக்கு உடுத்தத் துணி கிடைப்பதே பெரும்பாடு. பாவுக்கு ஆளிச்செடி நூல், ஊடைக்கு ஆட்டுக் கம்பளி என்று வீட்டிலேயே நூற்று நெய்தார்கள், அதற்கும் வழியில்லாத ஆரம்ப நாட்களில் காஞ்சொறிச் செடியின் நாரையும் காட்டெருமை மயிரையும் சேர்த்து நெய்திருக்கிறார்கள். உடம்பை உறுத்தும், ஆனால் லேசில் கிழியாது. வால்நட் காயின் தோலை வேகவைத்தால் பழுப்புச் சாயம் ரெடி.

1840-களில் மாட்டு வண்டிகளில் மேற்குக் கடற்கரையோர ஓரிகன் நோக்கிக் கிளம்பியபோது சீட்டி என்கிற அச்சுப்போட்ட பருத்தித் துணி வந்துவிட்டது. அந்தக் காலத்து உடுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது வெயில் தொப்பிதான். முன்விளிம்பில் வரிசையாகக் குட்டிக் குட்டி உறைகள் தைத்து அதில் அட்டையோ மெல்லிய மரச்சில்லோ செருகிவிடுவார்கள், விறைப்பாக முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், துவைக்கும்போது உருவிக்கொள்ளலாம், பின்னால் தொங்கும் துணி பிடரியை மூடிவிடும். யாரோ ஒரு பெண் வெயிலில் வெந்து, யோசித்து யோசித்துச் செய்த வேலை அது! அப்புறம் ஏப்ரன். மரமே இல்லாத சமவெளியில் அடுப்பெரிக்கக் காட்டெருமை வறட்டிதான், அதை அள்ளிக் கட்டிவர ஏப்ரன்தான் கை கொடுத்தது. காற்றில் பாவாடை பறக்காமலிருக்க ஓரத்தில் ஈயத் துண்டு வைத்துத் தைத்தவர்களும் உண்டு.

கேள்வி: சரி, யாருமே பேன்ட் போடவில்லையா?
- அதே வாசகி

பதில்: போட்டார்கள், வசவும் வாங்கினார்கள். முழங்கால் வரை கவுன், அதற்குக் கீழே தொளதொள கால்சட்டை. 1851-இல் பெண்ணுரிமைக்காகப் பேசிய அமீலியா புளூமர் தன் பத்திரிகையில் ஆதரித்து எழுதியதால் அந்த உடுப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1858-இல் கான்ஸஸிலிருந்து வண்டிகளோடு கிளம்பிய ஜூலியா ஹோம்ஸ் அதைத்தான் போட்டிருந்தார். ஆண்கள் ஒருமாதிரி பேசுகிறார்கள், நீள கவுன் இருந்தால் மாற்றிக்கொள் என்று கூட வந்த பெண்ணே சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. வழியில் மாடுகளோடு மைல் கணக்கில் நடந்து, அதே உடுப்பில் கொலராடோவில் 14,000 அடிக்கும் மேலான பைக்ஸ் சிகரத்தில் ஏறி நின்றார். தரை கூட்டும் பாவாடையோடு அந்தப் பாறைகளில் ஏறியிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.