மகளுக்கு வந்த வயிற்றுப்போக்குதான் சீலியாக் நோய்க்குக் காரணமா?

ஒன்றரை வயதில் மகளுக்கு வைரஸால் கடும் வயிற்றுப்போக்கு, அடுத்த வருடமே சீலியாக் என்று ரிப்போர்ட், அந்த வைரஸ்தான் இதைக் கிளப்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா மகனுக்கும் இதே நோய், கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கும். எந்தக் கல்யாண வீட்டில் எந்தத் தண்ணீரைக் குடித்தான் என்ற விசாரணை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

வைரஸுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் அது தனியாக எதுவும் செய்துவிடாது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உடம்பில் இருக்க வேண்டும், தட்டில் கோதுமையும் இருக்க வேண்டும். நூற்றில் முப்பது பேருக்கு மேல் அந்த மரபணு இருக்கிறது, நோய் வருவதோ ஏறக்குறைய ஒருவருக்கு. மற்றவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்று தேடும்போதுதான் வைரஸ் உள்ளே வருகிறது.

2017இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பனா ஜப்ரியும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டெர்மோடியும் என்ற ஆய்வாளர்கள் சேர்ந்து எலிகளில் ரியோவைரஸை வைத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் பெரும்பாலானவர்களுக்கு வந்து, வந்ததே தெரியாமல் போய்விடும் வைரஸ் அது. சாதாரணமாகக் குடல் உணவை உணவாகவே ஏற்றுக்கொள்ளும். வைரஸ் இருக்கும் நேரத்தில் க்ளூட்டனும் உள்ளே போனால் எதிர்ப்புச் சக்தி இரண்டையும் சேர்த்து எதிரிப் பட்டியலில் எழுதிவிடுகிறது. இத்தனைக்கும் எலிக்கு நோய் என்று பெரிதாக எதுவும் இல்லை, வைரஸும் போய்விட்டது, க்ளூட்டன் மேல் கோபம் மட்டும் நின்றுவிட்டது. குடலைத் தொற்றிய இரண்டு ரகங்களில் ஒன்றுதான் இப்படிச் செய்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சரி, அது எலி. மனிதர்களில் எனக்கு நம்பிக்கை தருவது நார்வே ஆய்வு. மரபணு ஆபத்துள்ள குழந்தைகளின் மலத்தை மூன்று மாத வயதிலிருந்து மூன்று வயது வரை மாதாமாதம் எடுத்து வைத்திருந்தார்கள் (அந்தப் பெற்றோரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு). பிறகு சீலியாக் வந்த குழந்தைகளிடம், நோயின் ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் விடும் அடையாளம்) தெரியும் முன்பே, என்டரோவைரஸ் என்ற குடல் வைரஸ் கூடுதலாக இருந்திருக்கிறது, அதுவும் க்ளூட்டன் சாப்பிட ஆரம்பித்த பிறகு வந்த தொற்றுகளில்தான் தொடர்பு தெரிந்தது. 1984 முதல் சந்தேகப்பட்டியலில் இருந்த அடினோவைரஸில் வித்தியாசமே இல்லை. ஆனால் நோய் வந்த குழந்தைகள் 25 பேர்தான், அதனால் இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இந்தியாவைப் பாருங்கள். 2016இல் வந்த ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சீலியாக் ஆன்டிபாடி, தெற்கே 0.10. மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கோதுமைதான் அங்கே நாளைக்கு 455 கிராம், இங்கே 25. நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வராமலா இருக்கிறது? அதனால் அந்த வயிற்றுப்போக்கை நினைத்து உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் மகள் விஷயத்தில் அதுதான் காரணம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சின்னவன் இருக்கிறான் என்றீர்களே, அவனுக்கும் சீலியாக் ஆன்டிபாடியைப் பார்க்கும் டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், கூடப் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதுவரை அவனுக்குச் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ரிசல்ட் தப்பாக வரலாம். அப்புறம், மகளுக்கு ரசம் வைக்கும்போது பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல கம்பெனிகள் அதில் கோதுமை மாவோ மைதாவோ கலக்கின்றன, எங்கள் வீட்டில் அக்கா இப்போது அரிசி மாவு கலந்ததாகத் தேடி வாங்குகிறாள்.