வடக்குப் புல்வெளியில் காட்டுக் கள்ளியைத் தேடிச் செல்வது எப்படி?

கேள்வி: கால்கரியில் வசிக்கிறோம். கனடாவின் புல்வெளிப் பகுதியில் கள்ளி தானாகவே வளர்கிறது என்று கேள்விப்பட்டு, ஜூன் கடைசியில் நான்கு நாள் விடுப்பில் பிள்ளைகளுடன் காரில் போய்ப் பார்க்க நினைக்கிறோம். எங்கே தேடுவது? ஒரு துண்டு எடுத்து வந்து வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: காலத்தைச் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். தெற்கு ஆல்பர்ட்டாவிலும் தெற்கு சஸ்காட்சுவானிலும் ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரைதான் கள்ளிகள் பெரும்பாலும் பூத்திருக்கும். ஆள் உயரக் கள்ளி எதுவும் அங்கே கிடையாது. எல்லாம் தரையோடு தரையாகக் கிடப்பவை என்பதால், பூ இல்லாத நாளில் பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது.

நீங்கள் காணக்கூடியவை மூன்று. முதலாவது, நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியின் நெருங்கிய உறவான ஓபன்ஷியா பாலியகாந்தா. தட்டையான மடல், மஞ்சள் பூ. இரண்டாவதான ஓபன்ஷியா ஃப்ராஜிலிஸ் கட்டைவிரல் அளவு துண்டுகளாக இருக்கும். லேசாக உரசினாலே துண்டு கழன்று விலங்கின் மயிரிலோ உங்கள் காலணியிலோ ஒட்டிக்கொண்டு, விழுந்த இடத்தில் வேர்விடும். மூன்றாவது எஸ்கோபேரியா விவிபாரா. சிறு பந்து போன்ற உடலும் பளிச்சென்ற இளஞ்சிவப்புப் பூவும் கொண்டது. (நாம் கள்ளி என்றே அழைக்கும் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் பால் வடியும் யூஃபோர்பியா இனத்தவை, இவற்றுக்கு அவை உறவல்ல.)

நான்கு நாளில் நான்கு பூங்காக்களைத் துரத்த வேண்டாம், இரண்டே போதும். 1ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே புரூக்ஸ் வரை சென்று, அங்கிருந்து வடகிழக்கே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள டைனோசார் மாகாணப் பூங்காவில் முதல் இரவு தங்குங்கள். மறுநாள் மெடிசின் ஹாட் வழியாக ஸ்விஃப்ட் கரன்ட்டை அடைந்து, 4ஆம் எண் சாலையில் தெற்கே ஏறத்தாழ 120 கி.மீ. சென்றால் வால் மரீ என்ற சிற்றூர் வரும். கிராஸ்லண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதிக்கு அதுவே வாசல். அங்கே இரண்டு நாள் செலவிட்டால் காட்டெருமைகளையும் காணலாம்.

கள்ளியைத் தேடும்போது வரைபடத்தைவிடச் சரிவைப் பாருங்கள். வடக்கு நோக்கிய சரிவில் பனி நெடுநாள் தங்கி, ஈரமும் புதரும் மிகுந்திருக்கும். அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். தெற்கு நோக்கிய சரிவு, சரளை தெரியும் மேட்டு விளிம்பு, புல் கட்டையாகி மண் தெரியும் இடம் ஆகியவற்றில் மெதுவாக நடந்து, வெயில் ஏறிய பிறகு பாருங்கள். மேகமூட்டமான காலையில் பூக்கள் விரியாமலே இருக்கும். மஞ்சள் பூ ஒன்று கிடைத்தால் பிள்ளைகளை அருகே உட்காரவைத்து, காய்ந்த புல் நுனியால் மகரந்தத் தாள்களைத் தொட்டுக் காட்டுங்கள். அவை மெல்ல உள்நோக்கி வளையும். உள்ளே நுழையும் வண்டின் உடம்பில் மகரந்தம் படிவதற்கு இந்த அசைவு உதவுகிறது.

முழங்காலிடும் முன் தரையைப் பார்ப்பது கட்டாயம். பெரிய முள்ளைவிட, மடலில் கொத்தாக இருக்கும் மயிர் போன்ற நுண்முட்களே தொல்லை தரும். முள்வாங்கி ஒன்றும், காலணியில் ஒட்டிய துண்டைத் தட்டிவிடப் பழைய சீப்பு ஒன்றும் பையில் இருக்கட்டும். இரண்டு பூங்காக்களிலும் ரேட்டில் ஸ்நேக் என்னும் நச்சு விரியன் உண்டு. கண் காணாத பொந்திலோ பாறை இடுக்கிலோ கை வைக்காதீர்கள். மழை பெய்தால் களிமண் பாதைகள் சோப்புத் தேய்த்ததுபோல் வழுக்கும், அன்று காரை மண்பாதையில் இறக்க வேண்டாம். ஸ்விஃப்ட் கரன்ட்டிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

துண்டு எடுக்கக் கூடாது. பூங்காவில் செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். குளிர் தாங்கும் ஓபன்ஷியாவை நாற்றங்காலில் விலைக்கு வாங்கி, மணலும் சரளையும் கலந்த மேட்டில், வெயில் விழும் பக்கமாக நடுங்கள். செப்டம்பர் முதல் தண்ணீர் விடாதீர்கள். இலையுதிர் காலத்தில் மடல்கள் சுருங்கித் தரையில் சாய்வதைக் கண்டு, செத்துவிட்டதென்று பிடுங்கிவிட வேண்டாம். உறைந்தால் திசுவைக் கிழித்துவிடக்கூடிய நீரைக் குறைத்துக்கொண்டு, மிஞ்சியதைக் கொழகொழப்பான பசையில் பிடித்துவைத்தே அது மைனஸ் 40 டிகிரிக் குளிரைக் கடக்கிறது. மே மாதத்தில் மடல்கள் மறுபடி உப்பி நிமிரும்.