பரம்பரை உடம்பும் உடற்பயிற்சியும் – கடிதமும் பதிலும்

வணக்கம். தக்கலைக்கு அருகே அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு தரம் பிரிக்கும் வேலை செய்கிறேன். வயது 44. அம்மா, சித்தி, நான் எல்லோருமே பருமன்தான். சர்க்கரை எல்லையில் நிற்பதால் டாக்டர் நடக்கச் சொல்கிறார். தம்பி மகளோ எடை தூக்கினால்தான் பயன் என்கிறாள். பரம்பரையாக வந்த உடம்பு எதைச் செய்தால் மாறும்?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவிடமிருந்து வந்த மரபணுக்களை எந்தப் பயிற்சியும் மாற்றாது. ஆனால் அவற்றுள் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பது, அதாவது மரபணு வெளிப்பாடு, நாம் உடம்பை நடத்தும் விதத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், 23 இளைஞர்களும் இளம்பெண்களும் மூன்று மாதம் ஒற்றைக் காலால் மட்டும் சைக்கிள் மிதித்தார்கள். இரண்டு காலிலும் இருப்பவை அதே மரபணுக்கள், உண்ட உணவும் ஒன்றே. இருந்தும் பயிற்சி பெற்ற காலின் தசையில் மட்டும் மரபணுக்களின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், டி.என்.ஏ. மீதான வேதிக்குறிகள் பல்லாயிரம் இடங்களில் மாறியிருந்தன, பல மரபணுக்களின் வெளிப்பாடும் மாறியிருந்தது. பரம்பரை என்று சோர்ந்துபோகும் எவருக்கும் இந்த ஆய்வைத்தான் முதலில் சொல்வேன்.

வேகமாக நடக்கும்போது தசையில் ஆற்றல் இருப்பு குறைந்து, 1998-ல் கண்டறியப்பட்ட பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்துக்கான மரபணு தூண்டப்படுகிறது. கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கும், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருக அதுவே வழிசெய்கிறது. இந்தத் தூண்டல் சில மணி நேரத்தில் உச்சமடைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் அடங்கிவிடும். ஆகவே ஞாயிறு மாலை மட்டும் சொத்தவிளைக் கடற்கரையில் நெடுந்தூரம் நடப்பதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பதே மேல்.

தம்பி மகள் சொல்வதும் சரிதான். எடை தூக்கும்போது செல்லுக்குள் செய்தி கடத்தும் எம்டார் என்னும் வேறொரு பாதை விழித்துத் தசைப்புரதம் கூடுகிறது; தசை வளர்ச்சிக்குத் தடைபோடும் மயோஸ்டேட்டின் மரபணுவின் வெளிப்பாடு குறைகிறது. உண்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்பது தசைதான் என்பதாலும், மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டித் தசை குறையத் தொடங்குவதாலும், நாளெல்லாம் உட்கார்ந்து பருப்பு பிரிக்கும் உங்களுக்கு இது மிகவும் தேவை. ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும் வாரம் இருமுறை போதும். மூட்டுவலியோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இத்துறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கொழுப்புத் திசுவில் பயிற்சி உண்டாக்கும் மாற்றங்களைக் காட்டிய 2013-ஆம் ஆண்டின் முக்கிய ஆய்வு ஆண்களை மட்டுமே கொண்டு செய்யப்பட்டது. இடுப்பில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரையின் விளிம்பில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களையும் வைத்து இத்தகைய ஆய்வுகள் நடக்கவேண்டும்.

எடைபார்க்கும் எந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். கொழுப்பு குறைந்து தசை கூடும்போது அது அசையாமல் நிற்கலாம். இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை செய்து, அந்த அளவை இப்போதைய அளவோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.