கடலோர மணலில் புங்கன் கன்றுகள் தேங்கி நிற்பது ஏன்?

கேள்வி: வேதாரண்யம் அருகே மணற்பாங்கான ஒன்றரை ஏக்கரில் இருந்த தென்னைகளைக் கஜா புயலில் இழந்தேன். காற்றுத் தடுப்புக்கும் தழையுரத்துக்குமாக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிழக்கு வரப்பில் புங்கன் கன்றுகளை நட்டேன். அவை இன்னும் இடுப்பளவைத் தாண்டவில்லை. இலை முழுவதும் பருக்கள். மருந்து அடிக்கலாமா? பிடுங்கிவிட்டுச் சவுக்கு வைக்கலாமா? விதை எப்போது கிடைக்கும்?

பதில்: இலையில் தெரியும் பருக்கள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வகைச் சிலந்திப் பேனால் உண்டாகின்றன. நன்கு வளர்ந்த புங்க மரங்களிலும் இவற்றைப் பார்க்கலாம். பார்வைக்கு அச்சமூட்டினாலும் மரத்தை இவை கொல்வதில்லை. மிகுதியாகத் தாக்கப்பட்ட கிளை நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, புதுத் தளிர் வரும்போது ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து மாலை வேளையில் தெளித்தால் போதும். ஆனால் உங்கள் கன்றுகள் தேங்கி நிற்பதற்குப் பருக்களே காரணம் என்று நான் கருதவில்லை. காரணத்தை மண்ணுக்குள்தான் தேட வேண்டும்.

மிகவும் நலிந்த கன்றுகளில் இரண்டு மூன்றைப் பக்கவாட்டில் ஒரு முழ ஆழத்துக்கு மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். புங்கனுக்கு ஆணிவேர் ஆழமாக இறங்க வேண்டும். நாற்றங்கால் பையில் நெடுநாள் கிடந்த கன்றுகளில் அந்த வேர் பையின் அடியை முட்டி, சும்மாடு போலச் சுருண்டுவிடுகிறது. நட்ட பிறகும் அந்தச் சுருள் தானாக விரிவதில்லை. அத்தகைய கன்று கோடையில் ஆழத்து ஈரத்தை எட்ட முடியாமல் நின்றுவிடும் என்பது மட்டுமன்று, பின்னாளில் அது பெரிதானாலும் பெருங்காற்றில் வேரோடு சாயும். உங்கள் பகுதியில் காற்றுத் தடுப்புக்கு வைக்கும் மரத்தில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள இயலாது. சுருண்ட வேருள்ளவற்றை அகற்றிவிடுவதே நல்லது.

வேர் நேராக இருந்தால், அதில் முடிச்சுகள் உள்ளனவா என்று பாருங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் நிலைநிறுத்தும் நுண்ணுயிர் அங்கே செயல்படவில்லை என்று பொருள். வெறும் கடல் மணலில் இது நேரக்கூடியதே. செழிப்பாக உள்ள முதிய புங்க மரத்தடியிலிருந்து இரண்டு கை மண்ணை எடுத்து, மட்கிய தொழுவுரத்துடன் கலந்து, வேரருகே மழைக்காலத் தொடக்கத்தில் இடுங்கள். யூரியா வேண்டாம்; தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு உருவாவது குறையும்.

அகற்றிய இடங்களில் மீண்டும் பைக் கன்றுகளை வாங்கி நடுவதைவிட, விதையை அந்தந்தக் குழியிலேயே ஊன்றுவதையே நான் பரிந்துரைப்பேன். புங்க விதைக்கு முன்நேர்த்தி எதுவும் தேவையில்லை. ஆனால் முளைப்புத் திறன் சில மாதங்களில் சரியத் தொடங்குவதால், அந்த ஆண்டுக் காய்களையே நிழலில் உலர்த்தி, ஊன்றும் வரை ஓட்டோடு வைத்திருங்கள். 45 செ.மீ. கன அளவுள்ள குழியை மேல்மண்ணும் தொழுவுரமும் கொண்டு நிரப்பி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசியில் குழிக்கு இரண்டு விதைகளை 2 செ.மீ. ஆழத்தில் படுக்கை வசமாக ஊன்றி, பிறகு வலுவான ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். வளர்ந்த புங்கன் உப்பைத் தாங்கும் என்று சொல்லப்படுவது உண்மையே. ஆனால் இளங்கன்றுக்கு அந்த வலு இராது. எனவே முதல் இரண்டு கோடைகளில் உவர் நீரைத் தவிர்த்து நல்ல நீரை ஊற்றி, தூரைச் சுற்றித் தென்னை மட்டை மூடாக்கு இடுங்கள்.

சவுக்கைப் பொறுத்தவரை, புங்கனை நீக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. கடலை நோக்கிய வெளி வரிசையில் சவுக்கையும் உள் வரிசையில் புங்கனையும் வைத்தால், விரைந்து வளரும் சவுக்கு முதல் சில ஆண்டுகள் காற்றை மறைக்கும்; அதை வெட்டும் நேரத்தில் புங்கன் தலையெடுத்திருக்கும்.

விதையிலிருந்து வளரும் மரம் காய்க்கத் தொடங்க ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் மரத்துக்கு மரம் பெரிதும் மாறுபடும் என்பதால் இப்போதே வருமானக் கணக்குப் போட வேண்டாம். கோடையில் பூக்கும் மரத்தில் காய் முற்ற ஏறத்தாழ அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். தழையை அதற்கு முன்பே, மரம் ஆளுயரத்தைக் கடந்த பின், பக்கக் கிளைகளிலிருந்து மட்டும் கழித்து வயலுக்கு இடலாம். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கும் நல்ல உரமே. அதை மாட்டுத் தொட்டியில் மட்டும் கலந்துவிடாதீர்கள்.