இல்லாததற்கு ஒரு சீட்டு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒலித்துணுக்கு ஒன்றை அனுப்பினார். 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சரும் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்துகொண்டு இந்திரா காந்தியையும் இந்தியர்களையும் மிகக் கேவலமாகப் பேசுகிறார்கள். நாற்பது விநாடிதான். கேட்டதிலிருந்து மனம் கொதிக்கிறது. எனக்கு மூன்று சந்தேகங்கள். இந்த ஒலிப்பதிவு உண்மையா, முழுவதையும் எங்கே கேட்கலாம்? ஒரு நாடு தன் தலைவரின் அசிங்கத்தைத் தானே பாதுகாத்து வெளியிடுகிறதே, இதை அமெரிக்கர்களின் நேர்மை என்று எடுத்துக்கொள்ளலாமா? கடைசியாக, இந்த நாடாக்களில் பல இடங்களில் பேச்சை நீக்கிவிட்டு 'பீப்' ஒலியைப் போட்டிருக்கிறார்களாம். அரைகுறையாகத் தருவதற்குத் தராமலே இருந்துவிடலாமே? இப்படி ஓட்டை விழுந்த ஆவணத்தை நம்பி வரலாறு எழுத முடியுமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். உண்மைதான், கலிபோர்னியாவில் யோர்பா லிண்டா என்ற ஊரில் இருக்கும் நிக்சன் நூலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நாற்பது விநாடியைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் கொதித்திருக்கிறீர்கள். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி முழு உரையாடலையும் தேடியிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். கோபப்படுவதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும், தம்பி. அந்த நிர்வாகத்தின் ஆவணங்களில் வசவைவிடக் கொடியது எவ்வளவோ இருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், மக்கள் கொன்று குவிக்கப்படுகிறார்கள், அமெரிக்க அரசு வாய் திறக்க மறுக்கிறது என்று டாக்காவிலிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்டு, 1971 ஏப்ரல் 6 அன்று தங்கள் அரசுக்கே தந்தி அனுப்பினார்கள். அங்கே தலைமைத் துணைத் தூதராக இருந்த ஆர்ச்சர் பிளட் தன் ஆதரவையும் சேர்த்து அனுப்பினார். அவரை அந்தப் பதவியிலிருந்து தூக்கினார்கள். கொதிப்பதானால் அதைப் படித்துவிட்டுக் கொதியுங்கள்.

நேர்மை என்று நீங்கள் எழுதியதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் அதிபரின் காகிதங்கள் நெடுங்காலம் அதிபரின் சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. முதல் அதிபர் வாஷிங்டன் தன் காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப் போனார். செஸ்டர் ஆர்தர் என்ற முன்னாள் அதிபர் 1886இல் சாவதற்குச் சற்று முன் தன்னுடையவற்றை எரிக்கச் சொன்னார், எரித்தார்கள். யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. நிக்சனும் அந்த வழியில்தான் போகப் பார்த்தார். பதவி விலகிய அடுத்த மாதமே, 1974 செப்டம்பரில், அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகத் தலைவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஒலிநாடாக்களை 1984 செப்டம்பர் 1 அன்றோ, அதற்கு முன் அவர் இறந்துவிட்டால் அப்போதோ, அழித்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. நாடாளுமன்றம் பதறிப்போய் டிசம்பருக்குள் சட்டம் இயற்றி எல்லாவற்றையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. அவர் வழக்குப் போட்டார். 1977இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வந்த அதிபர் ஆவணச் சட்டம்தான் 1981 ஜனவரி 20 முதல் பதவிக்கு வருகிற எந்த அதிபரின் அலுவல் காகிதமும் மக்கள் சொத்து என்று ஆக்கியது. அதன் பிறகும் நிக்சன் விடவில்லை. ஏறத்தாழ 3,700 மணி நேர ஒலிப்பதிவில் அறுபத்துச் சொச்சம் மணி நேரம் மட்டுமே வெளியே வந்திருந்த நிலையில் 1994இல் இறந்தார். மற்றவை வெளிவர வழி பிறந்தது 1996இல், ஒரு வரலாற்றாசிரியர் தொடுத்த வழக்கில் சமரசம் ஏற்பட்ட பிறகு. இதில் தலைவர்களின் நேர்மை எங்கே இருக்கிறது? பிடுங்கினார்கள், கிடைத்தது.

உங்கள் மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் ஊர் வீட்டைக் காலி செய்தேன். பரணில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே அம்மாவின் பால் கணக்கு, கட்டுக்கட்டாக. ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அச்சடித்த கட்டங்கள்: கோப்பு எண், பிரிவு, எடுத்தவர், எடுத்த தேதி, கையொப்பம், திரும்பி வந்த தேதி. அப்பா தாலுகா அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்தவர். படிவம் மாறியதும் கழித்துப் போட்ட பழைய சீட்டுகள் அவை. அம்மா ஒரு தாளையும் வீணாக்க மாட்டாள்.

சனிக்கிழமைகளில் தூக்குவாளியில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. எனக்குப் பதினொரு வயது. பதிவறை என்றால் ஜன்னல் உயரத்தில் இருக்கும் நீளமான இருட்டு அறை. மர அடுக்குகளில் சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள். அந்துருண்டை வாசனையோடு கலந்த புழுதி. அப்பா கட்டை அவிழ்த்து ஒரு கோப்பை உருவுவார். உருவிய கையோடு, அது இருந்த இடத்தில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுத்தான் கோப்பைக் கொடுப்பார். சீட்டு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பதிவறைக்குள் நுழைந்தால் எந்தக் கட்டில் எது இல்லை என்பது நின்ற இடத்திலேயே தெரியும்.

ஒருநாள் மேலதிகாரி ஒருவரின் ஆள் வந்து ஒரு நில ஒப்படைக் கோப்பைக் கேட்டார். சீட்டெல்லாம் வேண்டாம், நாளைக்குக் காலையில் திரும்பிவிடும் என்றார். அப்பா கோப்பைக் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்த ஆள் போனதும் சீட்டை எழுதினார். கையொப்பக் கட்டத்தில் "கையொப்பமிட மறுத்தார்" என்று எழுதி, நேரத்தையும் குறித்துச் செருகினார். கோப்பு மறுநாளும் வரவில்லை, பிறகு எப்போதுமே வரவில்லை.

அந்த நிலத்துக்கு உரிய அம்மாள் மாதம் ஒருமுறை நடந்தே வருவார். நான் இருந்த ஒரு சனிக்கிழமை வந்தார். இல்லையம்மா என்று சொல்லி அனுப்பாமல், அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு, கட்டை அவிழ்த்து, அந்தச் சீட்டைக் காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எண் எது, தேதி எது என்று அப்பா ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொன்னார். அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் ஒன்று இருந்தது" என்றார். அதுவரை அவரிடம் எல்லோரும் அப்படி ஒரு கோப்பே கிடையாது என்றுதான் சொல்லிவந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த 'பீப்' ஒலிக்கு வருகிறேன். அது ஓட்டை கிடையாது, ச. அது செருகிய சீட்டு.

அமெரிக்காவின் அதிபர் நூலகங்களில் ஒரு பெட்டியைத் திறக்கிறீர்கள். இரகசியம் என்று ஒரு காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால், அதைக் குறித்த தாள் ஒன்று பெட்டியிலேயே இருக்கும். என்ன வகை ஆவணம், யார் யாருக்கு எழுதியது, என்ன தேதி, எந்தக் காரணத்தால் எடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். ஒலிநாடாவிலும் அப்படியே: நீக்கிய பகுதி இவ்வளவு நீளம், காரணம் இது என்று குறிப்பு இருக்கும். மறைப்பவனே தான் மறைத்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இதன் அருமை உங்களுக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரி பாஸ் அந்த 'பீப்'களைப் பிடித்துக்கொண்டுதான் 2012இல் விண்ணப்பம் போட்டார். இந்த இந்த இடங்களில் ஒலியை நீக்கியிருக்கிறீர்கள், மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்டார். ஆறு வருடம் இழுத்தடித்து, 2018இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். 2020இல் அவர் அதை எழுதிய பிறகுதான் இந்தியப் பெண்களைப் பற்றி நிக்சன் உமிழ்ந்த சொற்கள் உலகத்துக்குத் தெரிந்தன. உங்கள் யோசனைப்படி தராமலே இருந்திருந்தால், எதைக் கேட்பது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

சீட்டு வைக்காமல் அழித்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நிக்சனிடம் உதாரணம் இருக்கிறது. அவருடைய அலுவலக மேஜையில் ஐந்து ஒலிவாங்கிகள், கணப்படுப்புப் பக்கம் இரண்டு. குரல் கேட்டால் கருவி தானாகவே ஓடத் தொடங்கும். எதிர்க்கட்சியின் அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்தில் உளவு பார்க்க நுழைந்த ஆட்கள் பிடிபட்ட மூன்றாம் நாள், 1972 ஜூன் 20, அவரும் அவருடைய தலைமை அலுவலர் ஹால்டெமனும் பேசிய பேச்சில் பதினெட்டரை நிமிடம் இல்லை. பேச்சு இருந்த இடத்தில் வெறும் இரைச்சல். தொலைபேசியை எடுக்கப்போனபோது தவறுதலாக நான்கைந்து நிமிடம் அழித்திருக்கலாம் என்று அவருடைய செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ் சாட்சி சொன்னார். வாட்டர்கேட் வழக்கை விசாரித்த நீதிபதி சிரிக்கா முன்னிலையில் ஆறு நிபுணர்கள் கொண்ட குழு அந்த நாடாவை ஆராய்ந்தது. அழிக்கும் கருவியை ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் நாடாவில் நுட்பமான ஒரு தடம் விழுகிறது. அந்தத் தடங்களை எண்ணி, குறைந்தது ஐந்து தடவை தனித்தனியாக அழித்திருக்கிறார்கள் என்று 1974 ஜனவரியில் சொன்னார்கள். ஐந்து தடவை கை தவறுமா? பேச்சை இன்றுவரை மீட்க முடியவில்லை. ஆனால் அந்த நாடாவைத் தூக்கி எறியவில்லை. தேசிய ஆவணக்காப்பகம் குளிர்பதன அறையில் வைத்துக் காக்கிறது. அந்த இரைச்சலும் ஆவணம்தான். யாரோ அழித்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை.

1974 ஏப்ரலில் நிக்சன் நாடாக்களின் எழுத்துப்படிகளை வெளியிட்டார், ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கு மேல். பக்கத்துக்குப் பக்கம் 'வசைச்சொல் நீக்கப்பட்டது' என்ற குறிப்பு. அந்தச் சொற்களை அப்படியே அச்சிட்டிருந்தால்கூட மக்கள் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எழுத்துப்படி பற்றி இன்னொன்று: நாடாளுமன்றக் குழு அதே நாடாக்களைக் கேட்டு எழுதியபோது பல இடங்களில் வேறு சொற்கள் இருந்தன. அதனால்தான் ஒலிநாடாதான் ஆவணம், எழுத்துப்படி என்பது கேட்டவரின் புரிதல் என்று அந்தக் காப்பகத்தார் சொல்கிறார்கள்.

டிரம்பின் முதல் ஆட்சியில் அவர் கிழித்துப் போட்ட தாள்களை ஊழியர்கள் மேஜையில் பரப்பி, துண்டு துண்டாகப் பொருத்தி, ஒட்டுநாடா போட்டு ஒட்டிய செய்தி 2018இல் வந்தது. படித்தபோது எனக்கு அப்பாவின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நம் பக்கத்தையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் எங்களிடம் இல்லை, பசுமைப் புரட்சியின் ஆவணங்கள்கூட இல்லை, பல அமைச்சகங்கள் எங்களுக்கு அனுப்பவே இல்லை என்று 2022 டிசம்பரில் இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் தலைமை இயக்குநர் பொது மேடையில் சொன்னார். இருபத்தைந்து ஆண்டு கடந்த நிரந்தர ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1971 நவம்பரில் வாஷிங்டன் போய்த் திரும்பிய இந்திரா காந்தி தன் அறையில் நிக்சனைப் பற்றி என்ன சொன்னார்? எனக்குத் தெரிந்தவரை நம் காப்பகத்தில் அதற்கு ஆவணமும் இல்லை, இல்லை என்பதற்குச் சீட்டும் இல்லை. அந்நிய அதிபர் ஒருவர் பேசியதற்கு உங்கள் மனம் ஒரு வாரம் கொதித்தது. இதற்கு ஒரு நாளாவது கொதிக்கட்டும்.

கடுமையாக எழுதிவிட்டேன். கேட்கத் தோன்றியதே பெரிது. துணுக்கை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகிறவர்கள் நடுவில் நீங்கள் உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாளுக்கு நிலம் கிடைத்ததா என்று நீங்களும் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அந்த வருடமே மாற்றல் வந்தது. போகிற அன்று புதிதாக வந்தவரை அழைத்துப்போய் எந்தெந்தக் கட்டில் சீட்டு நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். நான் தூக்குவாளியோடு வாசலில் நின்றிருந்தேன்.

இந்திரா காந்தி நிக்சனைச் சந்தித்த மறுநாள், 1971 நவம்பர் 5, காலையில் நிக்சனும் கிஸிஞ்சரும் பேசியதிலிருந்து தொடங்குங்கள். முழுவதும் கேளுங்கள். ஒலி மோசமாக இருக்கும். காதில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று முறை கேட்டால்தான் பிடிபடும். கேட்டுக்கொண்டே போகையில் எந்த நாடாவிலாவது 'பீப்' வந்தால் தள்ளிவிட்டு ஓடாதீர்கள். தேதி, எத்தனை விநாடி, அதற்கு முன் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். நானும் குறித்துவருகிறேன். அம்மா கணக்கு எழுதாமல் விட்ட சீட்டுகள் இன்னும் நாற்பது போல மிச்சம் இருக்கின்றன.

அன்புடன்.