வண்டியில் ஏறினதும் போன் தானாகப் பாடுகிறதா? கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் கார் செட் மாட்டும் வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். "சாவியைத் திருப்பினதும் பாட்டு தானா ஓடுது, நிறுத்தித் தாங்க" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தக்கலையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, துஷ்டி வீட்டுக்கு, அதான் சாவு வீட்டுக்குப் போயிட்டு கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். பந்தலில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, ஒரு குத்துப் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடிவிட்டது. போன் சட்டைப் பையில்தான் கிடந்தது, நான் தொடவே இல்லை. அந்த வீட்டுக்காரர் முகத்தை இன்னும் பார்க்க முடியவில்லை.

பதில்: தம்பி, படிக்கும்போது எனக்கே நெஞ்சு கனத்தது. முதலில் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். நீங்கள் வேண்டுமென்று செய்ததில்லையே.

நடந்தது இதுதான். ப்ளூடூத் சேர்ந்ததும் பல செட்டுகள் போனுக்கு 'பிளே' என்று ஒரு கட்டளை அனுப்பும். ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை நீங்கள் அழுத்தினால் போவதும் அதே கட்டளைதான். அழுத்தியது விரலா, செட்டே அனுப்பியதா என்று போனுக்குத் தெரியாது. கடைசியாகப் பாடிய ஆப்பை எழுப்பி, விட்ட இடத்திலிருந்து ஓட்டிவிடும்.

இனி நிறுத்தும் வழி. ப்ளூடூத் ஒன்றுதான் என்றாலும் அதற்குள் போன் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறு வழி. பாட்டு வழியை மட்டும் அடைக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், ப்ளூடூத் பட்டியலில் உங்கள் வண்டியின் பெயரைத் தேடுங்கள். பக்கத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும், அதைத் தொடுங்கள். 'போன் கால்ஸ்', 'மீடியா ஆடியோ' என்று இரண்டு சுவிட்சு வரும். சில போன்களில் 'கால்ஸ்', 'ஆடியோ' என்று மட்டும் இருக்கும். மீடியாவை ஆஃப் செய்யுங்கள், கால்ஸை அப்படியே விடுங்கள். இனி அழைப்பு வந்தால் வண்டி ஸ்பீக்கரில் பேசலாம், பாட்டு மட்டும் வண்டிப் பக்கம் போகாது. ஒன்று கவனிக்க வேண்டும்: செட்டு பிளே கட்டளை அனுப்பினால் சில போன்களில் பாட்டு போன் ஸ்பீக்கரிலேயே ஓடும். அதனால் இப்படி இடங்களுக்குப் போகும்போது போனில் மீடியா சத்தத்தையும் குறைத்துவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: இந்தத் தொல்லைக்கு ப்ளூடூத்தையே ஆஃப் செய்துவிட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ப்ளூடூத் இல்லையென்றால் போன் அடிக்கும்போது கை தானாகப் பைக்குப் போகும். களியக்காவிளை ரோட்டில் எதிரே பஸ் வரும்போது ஒரு கையில் போனோடு ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது. 2019-ல் திருத்திய பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. பாட்டை மட்டும் அடையுங்கள், பேச்சு வழி திறந்தே இருக்கட்டும்.

குளச்சலிலிருந்து ஓர் அக்கா: என்னுடையது ஐபோன். நீங்கள் சொன்ன மீடியா சுவிட்சு எங்கேயும் இல்லை. தினமும் ஒரே பாட்டுதான் ஓடுகிறது. அது எனக்குப் பிடித்த பாட்டுகூட இல்லை.

பதில்: ஆமா அக்கா, ஐபோனில் அந்த சுவிட்சு கிடையாது. ஒரே பாட்டு வருவதற்குக் காரணம், வரிசையில் வேறு எதுவும் இல்லாதபோது மியூசிக் ஆப் அகர வரிசையில் முதலில் நிற்கும் பாட்டை எடுக்கும். இந்தத் தொல்லைக்காகவே 2017-ல் ஒருவர், பெயரின் தொடக்கத்தில் ஏ, ஏ என்று அடுக்கி, ஏறத்தாழ பத்து நிமிடம் சத்தமே இல்லாத ஒரு டிராக்கை ஐடியூன்ஸில் விற்பனைக்கு விட்டார். காசு கொடுத்தும் வாங்கினார்கள்.

நீங்கள் காசு செலவழிக்க வேண்டாம். போனில் ஷார்ட்கட்ஸ் ஆப் இருக்கும். அதில் ஆட்டோமேஷன், அப்புறம் ப்ளூடூத், அங்கே உங்கள் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். கேட்காமலே உடனே இயங்கும்படி வையுங்கள். செய்ய வேண்டியதாக முதலில் 'வெயிட்', ஐந்து விநாடி. அதற்குக் கீழே 'பிளே/பாஸ்', அதில் 'பாஸ்' (பாட்டை நிறுத்துவது) மட்டும். அந்த ஐந்து விநாடிதான் முக்கியம். வெயிட் இல்லாமல் வைத்தால் நிறுத்தச் சொன்ன பிறகு வண்டியின் கட்டளை வந்து சேரும், பாட்டு மறுபடி கிளம்பிவிடும். கடையில் ஒரு டீச்சர் போனில் மூன்று தடவை முயன்ற பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது. முதல் சில விநாடி பாட்டு கேட்கத்தான் செய்யும், அதனால் இறங்கும்போதே செட்டின் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். மியூசிக் ஆப் உங்களுக்குத் தேவையே இல்லை என்றால் அழித்துவிடுவதும் ஒரு வழி.

கருங்கலிலிருந்து: ஸ்பாட்டிஃபையில் ஆட்டோபிளே ஆஃப் செய்தேன். நிற்கவில்லையே?

பதில்: அது வேறு விஷயம். ஆல்பம் முடிந்ததும் அதே மாதிரிப் பாட்டுகளைத் தொடர்வதுதான் அந்த ஆட்டோபிளே. வண்டி சேர்ந்ததும் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

திங்கள்சந்தையிலிருந்து: திரையில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வருகிற வண்டி.

பதில்: ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் 'ஸ்டார்ட் மியூசிக் ஆட்டோமேட்டிக்கலி' இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள், போதும்.

திருவட்டாரிலிருந்து: ரப்பர் வெட்டுக்கு விடியுமுன்னே கிளம்புவேன். முற்றத்தில் வண்டியை எடுத்ததும் பாட்டு. பிள்ளை எழுந்துவிடும். பழைய செட்டு, போனும் பழசு. நீங்கள் சொன்ன எந்த செட்டிங்கும் கண்ணில் படவில்லை.

பதில்: வண்டியை நிறுத்தும்போது செட்டை ஆக்ஸ் சோர்சுக்கு, அதாவது ஒயர் செருகிப் பாட்டு கேட்கும் வழிக்கு மாற்றிவிட்டு சாவியை எடுங்கள். பெரும்பாலான செட்டுகள் கடைசியாக இருந்த சோர்சுக்கே திரும்பும். ஆக்ஸில் ஒயர் எதுவும் செருகாமல் இருந்தால் சத்தம் வராது. எஃப்எம் வைக்காதீர்கள், அதுவும் அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பும்.

குலசேகரத்திலிருந்து: நான் ஷெட்டில் வண்டியை எடுத்தால், வீட்டுக்குள் மனைவி போனில் பேசிக்கொண்டிருப்பது வண்டியில் கேட்கிறது.

பதில்: ப்ளூடூத் பொதுவாகப் பத்து மீட்டர் எட்டும். நம்ம ஊர் வீடுகளில் அடுக்களைக்கும் ஷெட்டுக்கும் அவ்வளவு தூரம்கூட இராது. அவர் போனில் உங்கள் வண்டியின் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுங்கள். என்றைக்காவது அவரும் ஓட்டுவார் என்றால் அழிக்க வேண்டாம். செட்டில் எந்தப் போனுக்கு முதலிடம் என்று வைக்கும் வசதி இருந்தால் உங்கள் போனை முதலில் வையுங்கள்.

மறுபடி தக்கலை: மீடியாவை ஆஃப் செய்துவிட்டேன் அண்ணாச்சி, இப்போது அமைதி. ஆனால் மேப் வழி சொல்வதும் வண்டியில் வரவில்லை.

பதில்: அதுவும் மீடியா வழியில்தான் போகிறது, அதனால் இனி போன் ஸ்பீக்கரில் வரும். போனை டாஷ்போர்டு ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளுங்கள். தூரப் பயணம் என்றால் மீடியாவை ஆன் செய்து, வீடு வந்ததும் ஆஃப் செய்யுங்கள். இன்னொன்று: எப்போதாவது வண்டியை போனிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் அந்த சுவிட்சு மறுபடி ஆன் நிலைக்கு வந்துவிடும். சேர்த்த கையோடு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.