நாலே முக்காலுக்கே இருட்டிவிடும் ஊரில்: ரொறன்ரோ குளிர்காலக் கேள்வி பதில்

ரொறன்ரோவில் எனக்கு இது 23ஆவது குளிர்காலம். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். நவம்பர் பிறந்ததும் ஆட்கள் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போவதை வருடா வருடம் பார்க்கிறேன். என் முதல் இரண்டு குளிர்காலமும் நானும் அப்படித்தான் போர்வைக்குள் கிடந்தேன். வந்திருக்கும் கேள்விகளை வாசித்தால் பலருக்கும் அதே பாடுதான். மனம் சரியாகட்டும், அப்புறம் எழும்பி ஏதாவது செய்வோம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அந்த வரிசையில் அது நடப்பதில்லை. சின்ன வேலை ஒன்றை முதலில் செய்துவிட்டால் மனம் பின்னாலே வரும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

மதுரையிலிருந்து படிக்க வந்த தம்பி: ஆகஸ்டில் வந்தேன் அக்கா. நவம்பரில் இங்கே எல்லோரும் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. பத்து மணி நேரம் தூங்கியும் களைப்பு. எந்நேரமும் இனிப்பு கேட்கிறது. சோம்பேறி ஆகிவிட்டேனா?

இல்லை தம்பி. உங்கள் உடம்பு வெளிச்சத்தைத் தேடுகிறது. மதுரையில் டிசெம்பரில்கூடப் பகல் பதினொன்றரை மணித்தியாலம் இருக்கும். இங்கே டிசெம்பர் 21ஆம் திகதி ஒன்பது மணித்தியாலமும் முழுசாக இல்லை. நமக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தைக் கண்டுதான் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால் அதிகத் தூக்கம், மாச்சத்தும் இனிப்பும் கேட்கும் வாய், ஆட்களைத் தவிர்க்கும் மனம் எல்லாம் சேர்ந்து வரும். இது கடுமையாக வருவதைப் பருவகால மனச்சோர்வு என்கிறோம். நோர்மன் ரோசன்தால் என்ற மனநல வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1984இல் அமெரிக்காவில் இதை விவரித்துப் பெயரிட்டார்கள். அவ்வளவு கடுமையாக இல்லாமல் இலேசாக வருவதுதான் நம்மில் பலருக்கு.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன் உதிக்கும். எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் அரை மணித்தியாலம் வெளியில் நில்லுங்கள், நடங்கள். மேகம் மூடியிருந்தால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டு விளக்கின் கீழ் நமக்குக் கிடைப்பது இருநூறு, முந்நூறு லக்ஸ் வெளிச்சம். மூட்டமான நாளிலும் வெளியே அது ஆயிரக் கணக்கில் இருக்கும். வகுப்புக்குப் போகும்போது இரண்டு தரிப்பு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுங்கள், அது போதும்.

இன்னொன்று, நான் வருடாவருடம் செய்வது. குசினிச் சுவரில் இருக்கும் கலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சூரியன் மறையும் நேரத்தை எழுதுவேன். மிகவும் முந்தி மறைவது டிசெம்பர் 10ஐ ஒட்டிய நாட்களில், 4:40 மணிக்கு. அதற்குப் பிறகு மாலை நீளத் தொடங்கிவிடும், டிசெம்பர் 21 வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரி முடியும்போது ஏறக்குறைய ஐந்தரை. அந்த எண்கள் ஏறுவதைப் பென்சிலால் எழுதிப் பார்க்கிற சந்தோசத்தை எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்காபுறோவிலிருந்து ஒரு தங்கச்சி: பேஸ்மென்ற் வீடு அக்கா. யன்னல் ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுதான், அதையும் ஸ்நோ மூடிவிடும். மன உற்சாகத்துக்கு என்று ஒரு வெளிச்ச விளக்கு விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கலாம். 10,000 லக்ஸ் என்று போட்டிருக்க வேண்டும், எத்தனை அங்குலத் தூரத்தில் அந்த அளவு கிடைக்கும் என்றும் போட்டிருக்க வேண்டும். பல விளக்குகள் முகத்துக்குக் கிட்ட இருந்தால்தான் அந்த அளவைத் தரும். புறஊதாக் கதிரைத் தடுப்பதாகவும் இருக்கட்டும். எழும்பிய கையோடு 20 முதல் 30 நிமிடம், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள், வாசியுங்கள். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. பின்னேரத்தில் போட்டால் இரவுத் தூக்கம் கெட்டுவிடும். கண்ணில் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும், இருதுருவ மனநிலைக் கோளாறு (bipolar) உள்ளவர்களும், வெளிச்சத்தில் தோலைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது.

காசு இப்போது கஷ்டமென்றால் விளக்கு பிறகு இருக்கட்டும். பக்கத்து நூலகத்தில் தெற்கு நோக்கிய யன்னல் எது என்று பாருங்கள். டிசெம்பரில் நடுப்பகல் சூரியனே இங்கே 23 பாகை உயரம்தான் ஏறும். அப்படிச் சாய்ந்து வருவதால் தெற்கு யன்னலுக்குள் வெயில் அறையின் ஆழம் வரை நுழையும். அந்தக் கதிரையில் மதியம் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள்.

அப்புறம் அலன் கார்டன்ஸ். ரொறன்ரோ நகரின் நடுவில், ஜாவிஸ் வீதியும் கார்ல்டன் வீதியும் சந்திக்கும் பக்கம் இருக்கிறது. நுழைவு இலவசம். குவிமாடம் வைத்த அந்தப் பனை மாளிகை 1910இல் கட்டியது. கதவைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே வாழை! நான் வந்த முதல் ஜனவரியில், வெளியே மைனஸ் பதினைந்து, உள்ளே அந்த வாழை இலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். ஈர மண் வாசம் அப்படியே எங்கள் கிணற்றடி. இப்போதும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு தடவை போகாமல் விடுவதில்லை. தயவுசெய்து போய் வாருங்கள்.

ஒரு மகள்: அம்மாவுக்கு 68 வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். விழுந்துவிடுவேன் என்று வெளியே வரவே மாட்டேன் என்கிறார். நாள் முழுக்க ரீவி. நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் ஒரு சொல் கதைக்க ஆளில்லை.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முதலில் சப்பாத்தைச் சரிசெய்யுங்கள். ரொறன்ரோவில் உள்ள புனர்வாழ்வு ஆராய்ச்சி நிலையம் ஒன்று குளிர்காலச் சப்பாத்துகளை உண்மையான பனிக்கட்டிச் சரிவில் சோதித்து, வழுக்காதவற்றுக்குப் பனிச்செதில் (snowflake) அடையாளம் கொடுக்கிறது. அதன் இணையப் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள். நடக்கும்போது பென்குவின் மாதிரி, காலை அகட்டி, சின்னச் சின்ன அடி. கையைச் சட்டைப் பைக்குள் போடக் கூடாது. ஸ்நோ கொட்டும் நாளில் வெளியே வேண்டாம், வணிக வளாகத்துக்குள் நடக்கக் கூட்டிப்போங்கள்.

ஆனால் அம்மாவுக்குக் குளிரைவிடத் தனிமைதான் பெரிது. ஊரில் அவர் கையில் ஒரு வீடே இருந்தது. இங்கே எல்லாம் நீங்கள் செய்துவிடுகிறீர்கள். அவர் செய்யாவிட்டால் நடக்காது என்கிற ஒரு வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பேரப்பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு கட்டுவதோ, பூச்சாடிகளைப் பார்ப்பதோ, ஏதோ ஒன்று. குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் நமக்குப் பத்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. இங்கே காலை ஏழு என்றால் அங்கே பின்னேரம் ஐந்தரை. அங்கே முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிற நேரம் அது. ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் அவருடைய தங்கச்சிக்கோ சிநேகிதிக்கோ அழைப்பு எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள். எங்கள் இல்லத்தில் நான் கண்டது, ஆள் வந்தால் பார்ப்போம் என்றிருப்பவரைவிட, ஏழு மணிக்கு அழைப்பு வரும் என்று தெரிந்தவர் ஆறரைக்கே தலை வாரி உட்கார்ந்திருப்பார்.

பிராம்ப்டனில் இரவு வேலை பார்க்கும் ஒருவர்: பண்டகசாலையில் இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை. சூரியனைப் பார்த்தே மூன்று வாரம்.

நீங்கள் வீடு திரும்பும்போது சூரியன் உதித்திருக்காது, அதை உங்களுக்குச் சாதகமாக்குங்கள். வீட்டுக்குப் போனதும் கைத்தொலைபேசியைத் தூர வைத்துவிட்டு, தடித்த திரை போட்ட அறையில் நேரே படுங்கள். பகல் இரண்டுக்கு எழும்பினாலும் டிசெம்பரில் இரண்டரை மணித்தியால வெளிச்சம் மிச்சம் இருக்கும். பல் தீட்டியதும் முதல் வேலை வெளியே போவது. சாப்பாடு பிறகு.

மிசிசாகாவில் ஒரு அம்மா: சின்ன விஷயம்தான், கேட்கலாமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்லி என்றால் பிள்ளைகள் முகமே வேறு. குளிரில் மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது.

இதைத்தானே கேட்க வேண்டும்! அவன் அடுப்பை (oven) சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுங்கள். அந்த விளக்கின் சூடே போதும். கையால் நன்றாகக் கரைத்து வையுங்கள், எட்டு மணித்தியாலத்தில் பொங்காவிட்டால் பன்னிரண்டு வரை விடுங்கள். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். அவன் அடுப்புக் கதவில் 'உள்ளே மாவு' என்று ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பீட்சாவுக்காக யாரோ அதைச் சூடாக்கி ஒரு கிலோ உளுந்து மா வெந்துபோனது.

இன்னொருவர்: கறிவேப்பிலைச் செடி. ஒக்டோபரில் வீட்டுக்குள் எடுத்தோம். இப்போது இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. செத்துவிட்டதா? அதைப் பார்க்கப் பார்க்க மனசு விழுகிறது.

பெரும்பாலும் சாகவில்லை. வெளிச்சமும் சூடும் குறைந்ததும் கறிவேப்பிலை உறங்கப் போகும், இலை உதிர்க்கும். தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

இப்போது ஆட்கள் செய்யும் பிழை, வாடுகிறதே என்று தண்ணீரை ஊற்றுவது. வேர் அழுகுவது அதனால்தான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பசளை மார்ச் வரை வேண்டாம். தெற்கு யன்னலோரம் வையுங்கள், ஆனால் இலை குளிர்ந்த கண்ணாடியில் முட்டக் கூடாது, கீழே ஹீற்றர்க் காற்றும் நேரே அடிக்கக் கூடாது. வீட்டுக் காற்று காய்ந்தால் சிலந்திப் பேன் வரும். மாதம் இரண்டு தடவை செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள். தண்டில் கபில நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டு ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி, பழைய பல்துலக்கியில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். மே மாதம் விக்டோரியா தின விடுமுறை கழியும்வரை வெளியே வைக்க அவசரப்படாதீர்கள்.

பெப்ரவரிக் கடைசியில் அந்த மொட்டைத் தண்டில் கடுகளவு பச்சை முளைக்கும். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம்.

விற்றமின் டி எடுத்தால் மனம் சரியாகிவிடுமா?

விற்றமின் டி எலும்புக்கு அவசியம். இங்கத்தைய குளிர்கால வெயிலில் தோல் அதைப் போதுமான அளவு செய்யாது, நம்முடைய கருமையான தோலுக்கு இன்னும் கடினம். 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு (IU), அதற்கு மேல் 800 என்பது கனடா சுகாதார அமைச்சின் அளவு. 4,000ஐத் தாண்டக் கூடாது. மனச்சோர்வுக்கு அதுவே மருந்து என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

ஜனவரி மூன்றாம் திங்கள்தான் வருடத்திலேயே சோகமான நாள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

அது 2005இல் பிரித்தானியப் பயண நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்காகக் கிளப்பியது. அறிவியல் எதுவும் இல்லை.

நமக்கு ஜனவரி நடுப்பகுதி தைப்பொங்கல். அதனால்தான் கனடாவில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக வைத்திருக்கிறார்கள், கனடா நாடாளுமன்றம் அந்தத் தீர்மானத்தை 2016இல் நிறைவேற்றியது. பொங்கலன்று இங்கே சூரியன் எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் எழும்புகிறது, ஆகவே சூரியனுக்கு முன் எழும்புவது எவருக்கும் கஷ்டமில்லை. நேர் கிழக்கில் தேடாதீர்கள், தென்கிழக்கில் வரும். அந்தப் பக்கத்து யன்னல் அருகே ஒரு தட்டத்தில் கோலம் போட்டு, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தை உதயத்தோடு ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வயோதிபர் இப்போது ஜனவரி தொடங்கியதுமே 'இந்த வருடம் எத்தனையாம் திகதி?' என்று கேட்கிறார்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: நடந்தேன், விளக்கும் வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. காலையில் ஏன் எழும்ப வேண்டும் என்று இருக்கிறது.

எழுதியது நல்லது. நான் மேலே சொன்னதெல்லாம் இலேசான சோர்வுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இப்படி இருந்தால் அது வைத்தியம் தேவையான நோய், உங்கள் முயற்சியில் குறை இல்லை. இந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் போங்கள், இல்லையென்றால் முன்பதிவு தேவையில்லாத கிளினிக். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் நீங்கள் எனக்கு எழுதிய அதே மூன்று வரியை வாசித்துக் காட்டுங்கள். பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, மருந்து இருக்கிறது, இரண்டும் வேலை செய்கின்றன. 211க்கு அழைத்தால் உங்கள் பகுதியில் என்ன உதவி இருக்கிறது என்று சொல்வார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தள்ளிப்போட வேண்டாம். 988க்கு அழைக்கலாம் அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம், 24 மணித்தியாலமும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதில் சொல்வார்கள். உடனடி ஆபத்தென்றால் 911. இன்றிரவு தனியாக இருக்காதீர்கள், யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வைத்தியரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாக ஒரு அப்பா: மார்ச் வரை ஸ்நோ கிடக்கிறது, பிள்ளைகள் அலுத்துவிட்டார்கள். அவர்களுக்கு என்று ஏதாவது?

மேப்பிள் பாகு. இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் நீர் ஏறும், மார்ச்சில் அதைப் பிடித்துக் காய்ச்சுவார்கள். 40 லீற்றர் மரநீருக்கு ஒரு லீற்றர் பாணிதான் மிஞ்சும். அசல் மேப்பிள் பாணி ஒரு கோப்பை எடுத்து, ஆழமான சட்டியில் காய்ச்சுங்கள், பொங்கி வழியும் என்பதால் பக்கத்திலேயே நில்லுங்கள். 113 பாகை செல்சியஸ் வந்ததும் இறக்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, மெதுவான உருண்டையாகத் திரள்கிறதா என்று பாருங்கள். புதிதாக விழுந்த சுத்தமான ஸ்நோவைத் தட்டத்தில் அழுத்தி நிரப்பி, பாகைக் கோடு கோடாக ஊற்றுங்கள், ஊற்றுவது பெரியவர்களாக இருக்கட்டும், கை வெந்துவிடும். அரை நிமிடத்தில் இறுகும். ஐஸ் குச்சியில் சுருட்டிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஊரில் பனங்கட்டி காய்ச்சும் கொட்டிலில் நின்று சூடாக நக்கிய பாகின் ருசிக்கு இந்த ஊரில் நான் கண்டதில் கிட்ட வருவது அதுதான்.